கோப்புக் காட்சி

கடல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.
பதினாறு வயதில் மூன்று முறை போனேன்,
மூன்று முறையும் வலை இறங்குமுன்
என் குடல் இறங்கியது.
"இவன் கரைக்காரன்" என்று சொல்லி
ஐஸ் கம்பெனி சூசைப்பிச்சையிடம் விட்டார் அப்பா.

எண்பத்திரண்டில்
தலைமன்னார்க் கப்பலில் அவருக்கு ஒரு பெட்டி வந்தது.
தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவுக்கு முதல் டிவி.
டெல்லி எங்களுக்கு எட்டவில்லை, சென்னையும்தான்.
எட்டியது எதிர்க்கரை மட்டும்.

சவுக்குக் கம்பின் உச்சியில்
தின்று போட்ட சீலாமுள் மாதிரி ஆன்டெனா.
ஓட்டின் மேல் நான்.

"தெரியுதா?"
"தெரியல."
"இப்ப?"
"கோடு கோடா ஓடுது."
"இப்ப?"
"வந்துருச்சு, வந்துருச்சு, அசையாத! அப்படியே நில்லு!"

நின்றேன்.
செய்தி முழுக்க, அதற்குப் பின் வந்த நடனம் முழுக்க
கம்பைப் பிடித்தபடி.
படம் எனக்குத் தெரியாது.
சன்னல் வழியே கீழே முப்பது முகங்களில்
நீலம் ஏறி நீலம் இறங்கியது.
நான் பார்த்த முதல் தொலைக்காட்சி அது.

கொண்டல் வீசினால் படம் தெளியும்,
கச்சான் என்றால் புள்ளி புள்ளியாய்க் கொட்டும்.
காற்றுப் பார்க்கக் கடலுக்குப் போகிறவர்கள் மட்டுமா,
நானும் விரல் நனைத்துத் தூக்கிப் பார்த்தேன்.
அடுத்த வருடம்
படம் வந்த வழியே ஆட்கள் வந்தார்கள்,
வள்ளத்தில், நனைந்த பாய்களோடு.
மண்டபம் முகாமில் வரிசையில் நின்றார்கள்.
அன்றைய படத்தில்
அவர்கள் யாரையும் காட்டவில்லை.

பிறகு ராமேஸ்வரத்தில் கோபுரம் எழுந்தது.
அதன் நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் குறைவு.
உச்சிச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்
கரை பிடித்தவர்கள் அதிகம்.
பிறகு கேபிள். பிறகு அரசு கொடுத்த வண்ணப்பெட்டி,
வீட்டுக்கு ஒன்று, அட்டை கூடப் பிரிக்காமல்
எண்ணூறுக்கு விற்றவனும் உண்டு.
பிறகு தட்டுகள். எல்லாத் தட்டும் வானத்தையே பார்த்தன.
ஓடுகளின் மேல் எனக்கு வேலையில்லை.

போன புரட்டாசியில் பிரிஜித்தா ஆள் அனுப்பினாள்.
"படம் விட்டுவிட்டு வருது, சீக்கிரம் வாங்க."
உப்பு தின்ற ஒயர்தான். சுரண்டி மாட்டினேன்.
கீழே ஓடியது எழுத்து:
நெடுந்தீவு அருகே ஏழு மீனவர்கள் கைது.
மேலே ஒரு படகு, கயிறு, துப்பாக்கி,
தலையில் கை வைத்து உட்கார்ந்த ஆட்கள்.

கண்ணாடியில் மூக்கு உரசக் குனிந்தாள்.
"அந்த நீலச்சட்டை... முதுகு அவரு முதுகுதானே?
ராயப்பனுக்கு இடது தோள் கொஞ்சம் சரியும்."
மூலையில் பொடி எழுத்தில் இருந்தது:
கோப்புக் காட்சி.
எந்த வருடத்துப் படகோ, யாருடைய தோளோ.
படித்தேன். சொல்லவில்லை.

"முன்னால அந்தக் கரை டிவி வருமே," என்றாள்,
"அதுல காட்டுவாங்கல்ல?"

அவள் வீட்டுக் கம்பம் கொடிக்கயிறு தாங்கிக்கொண்டிருந்தது.
ஈரப் பாவாடைகளை ஒதுக்கி ஏறினேன்.
அறுபதைத் தொட்ட முழங்கால்.
துரு விரலில் ஒட்டியது.
பழைய பெட்டியைக் கட்டிலடியிலிருந்து இழுத்து
அவள் மகன் ஒயரைச் செருகினான்.

"தெரியுதா?"
கீழே பதிலில்லை.
"இப்ப?"
"படமில்ல மாமா. குரல் மட்டும் வருது."

இறங்கி வந்தேன்.
பனிமூட்டம் மாதிரி வெள்ளைக்குள்
யாரோ நிதானமாக, சிங்களத்தில்.
"என்ன சொல்றான்?" என்றாள்.

எனக்குத் தெரிந்தது மூன்று சொல்.
வணக்கம். சோப்பு. இரவு வணக்கம்.
மூன்றில் ஒன்றுக்காகக் காது கொடுத்து நின்றேன்.
வரவில்லை.

பெட்டியை அணைக்கக் கை நீட்டினேன்.
"இரையட்டும், விடுங்க" என்றாள்.
ஐம்பது ரூபாய் நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்,
வாங்காவிட்டால்
அவளுக்கு ஏதோ தெரிந்துபோகும் என்று.